வாசல் மரத்தின் வரலாறு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவனிடம் மலருக்குக் கட்டுரை கேட்டால் நயாகரா நீர்வீழ்ச்சி பற்றி எழுதுவான், இல்லாவிட்டால் 'வெளிநாட்டு வாழ்வில் தமிழன்' என்று எழுதுவான். ஆசிரியர் குழுவுக்கு இரண்டுமே அலுத்துப் போயிருக்கும். எனவே நான் என் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்தது எஞ்சினியரிங், எழுதுவது தாவரவியலா என்று என் பேட்ச் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். இது தாவரவியல் என்பதைவிட வரலாறு என்பதே பொருத்தம். கடைசியில் நம் கல்லூரிக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

நான் வசிப்பது பாஸ்டன் நகரத்துக்கு மேற்கே. நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் ஆறு மாநிலங்களில் மாசசூசெட்ஸும் ஒன்று. இங்கே புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும் மரங்கள் நிறம் மாறும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ஊதா என்று தெருவே திருவிழா போலாகிவிடும். இதைப் பார்க்கவே உலகம் முழுவதிலுமிருந்து கூட்டம் வருகிறது. நம்ம ஊரில் அப்போது அடைமழை. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலை உதிர்வதற்கென்று பெயர் பெற்ற பொழுது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம்.

வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஆதிகாலத்திலிருந்து இயற்கை இப்படியே இருந்திருக்கிறது பாருங்கள்!" சும்மா சொல்லக் கூடாது, பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் உண்மை அதுவல்ல. இந்த நிறங்களில் பெரும்பகுதி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் உண்டானவை. விவசாயிகள் ஊரைக் காலி செய்ததாலும், நோய் வந்து மரங்கள் மடிந்ததாலும், முனிசிபாலிடிக்காரர்கள் எடுத்த முடிவுகளாலும் உண்டானவை.

பத்தாவது ஆண்டுச் சந்திப்புக்குக் கடிதம் எழுதியவர்

இந்த வரலாற்றைச் சொல்ல எனக்குப் பிடித்த சாட்சி ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகள் விரும்பிப் படித்த, சட்டமறுப்புப் பற்றிய கட்டுரையை 1849-இல் எழுதிய அதே தோரோதான். ஊர் கான்கார்ட். பாஸ்டனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1837-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். 1847-இல் அவருடைய வகுப்புச் செயலாளர், பத்து வருடமாகிவிட்டதே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எல்லாருக்கும் ஒரு விசாரிப்புக் கடிதம் அனுப்பினார். நம் சங்கம் அனுப்புகிற படிவம் மாதிரிதான். தோரோ கொடுத்த பதிலில் ஆசிரியர், நில அளவையாளர், தோட்டக்காரர், தச்சர், கொத்தனார், பென்சில் செய்பவர் என்று ஒரு நீண்ட பட்டியலே இருந்தது. எந்த நிறுவனத்தில் என்ன பதவி என்ற பேச்சே இல்லை!

நம்மைப் போன்றவர்களுக்கு அவரிடம் ஒரு ஒட்டுதல் வரக் காரணம் உண்டு. தோரோ குடும்பத்தின் தொழில் பென்சில். கிராஃபைட்டையும் களிமண்ணையும் சரியான விகிதத்தில் கலந்து நல்ல பென்சில் செய்யும் முறையை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. பிழைப்புக்கு நில அளவை செய்தார். சங்கிலி பிடித்து ஊர் முழுக்க அளந்தவர் என்பதால் எந்த வயல் யாருடையது, எங்கே எந்த மரம் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு நாளும் நடப்பார், நடந்ததை நோட்டில் எழுதுவார். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்றுகூட எழுதி வைத்தார்.

இலைகளின் இலையுதிர்கால நிறங்களைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றி, பிறகு திருத்தி எழுதிய கட்டுரை, 1862 அக்டோபரில் ஓர் இதழில் வெளியானது. அதே ஆண்டு மே மாதம் அவர் காசநோயால் இறந்துவிட்டார். அப்போது வயது 44. சாகும் தறுவாயில் படுக்கையிலிருந்தபடியே திருத்திக் கொடுத்த கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அதில் ஒரு செய்தி. கான்கார்ட் ஊர்ப் பொதுவிடத்தில் சர்க்கரை மேப்பிள் கன்றுகளை நட்டபோது, அவை குச்சி குச்சியாக இருந்ததைப் பார்த்து ஒரு கடைக் குமாஸ்தா 'அவரைப் பந்தல் குச்சி' என்று கேலி செய்தானாம். நடும் வேலையில் சளி பிடித்து ஊர் நிர்வாகிகளில் ஒருவர் இறந்தே போனாராம். அப்படி நட்ட மரங்கள்தான் ஊரின் அழகுக்கெல்லாம் அழகாகி நின்றன என்று தோரோ பெருமைப்படுகிறார். இதில் கவனிக்க வேண்டியது, 1850-களிலேயே தெருவின் சிவப்பும் மஞ்சளும் தானாக வந்தவை அல்ல என்பது. யாரோ முடிவெடுத்து, குழி தோண்டி நட்டவை.

காடு திரும்பி வந்த கதை

தோரோ வாழ்ந்த நாளில் இன்றுள்ள காடு இல்லை. குடியேறிய ஆங்கிலேயர்கள் இருநூறு ஆண்டுகளாகக் காடு திருத்தி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கியிருந்தார்கள். 1850 வாக்கில் மாசசூசெட்ஸில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தில் மரமே கிடையாது. கான்கார்டில் மிஞ்சியது விறகுக்கென்று விட்டு வைத்த துண்டுக் காடுகளே. அவற்றில் ஒன்றுதான் அவர் குடிசை போட்ட வால்டன் குளக்கரை.

வடக்கே வெர்மான்ட் மாநிலத்தில் கதை இன்னும் வேடிக்கை. 1811 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து மெரினோ ஆடுகள் வந்து இறங்கின. கம்பளி விலை ஏறியது. மலைச்சரிவெல்லாம் மொட்டையாகி ஆட்டுப் பட்டியானது. 1840-இல் அங்கே சுமார் 17 லட்சம் ஆடுகள். மக்கள் தொகையோ 3 லட்சத்துக்கும் குறைவு. ஆளுக்கு ஐந்தாறு ஆடு! இன்று வண்ண இலை பார்க்க ஜனங்கள் காரில் ஊர்வலம் போகும் மலைகள் அன்று புல்தரைகள்.

பிறகு என்ன ஆயிற்று? நம் துறையைச் சேர்ந்த இரண்டு காரியங்கள் நடந்தன. 1825-இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்து ரயில் வந்தது. கல்லும் முரடும் இல்லாத மேற்கத்திய சமவெளியில் விளைந்த தானியம் மலிவாகக் கிழக்கே வந்து குவிந்தது. நியூ இங்கிலாந்து மண்ணோ ஏர் ஓட்டினால் கல்லைக் கொடுக்கும் மண். பிள்ளைகள் மேற்கே போனார்கள், அல்லது மில் வேலைக்கு நகரம் போனார்கள். வயல் தரிசானது. இன்றும் இங்கே அடர்ந்த காட்டுக்குள் நடந்தால் இடுப்புயரக் கல் சுவர்கள் குறுக்கே வரும். காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள் என்று முதலில் புரியாது. அவை பழைய வயல்களின் வேலிகள்.

தரிசில் முதலில் முளைத்தது வெள்ளைப் பைன். 1900 வாக்கில் அவற்றை வெட்டிப் பெட்டிப் பலகைக்கு விற்றார்கள். பைன் நிழலில் காத்திருந்த மேப்பிளும் ஓக்கும் மேலே கிளம்பின. பைன் காட்டை வெட்டினால் ஓக் முளைப்பது ஏன் என்ற கேள்விக்கு, அணில்கள் விதைகளைக் கொண்டுபோய்ப் புதைப்பதே காரணம் என்று 1860-லேயே விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் விளக்கியவரும் தோரோதான். 1938 செப்டம்பர் 21 அன்று வீசிய பெரும்புயல் மிச்சமிருந்த பைன்களிலும் ஏராளமானவற்றைச் சாய்த்தது. பைன் இலை நிறம் மாறாது. மேப்பிள் மாறும். ஆக, மலை சிவந்ததற்குக் கால்வாய், ரயில், பெட்டிப் பலகை, புயல் ஆகிய நான்கும் காரணம்.

பச்சை எங்கே போகிறது?

நிறத்தின் விஞ்ஞானத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1817-இல் பிரான்ஸில் பெல்லத்தியே, கவந்தூ என்ற இருவர் இலையின் பச்சைப் பொருளைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. 1837-இல் சுவீடனின் பெர்சீலியஸ் இலையின் மஞ்சளுக்குச் சாந்தோஃபில் என்று பெயரிட்டார். சிவப்பு, ஊதாவுக்கு ஆந்தோசயனின் என்ற பெயர் 1835-இலிருந்தே உண்டு.

வார்சாவில் வேலை பார்த்த ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெத், 1900-களின் தொடக்கத்தில் இலைச்சாற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பிய சுண்ணாம்புத் தூள் வழியே இறக்கினார். பச்சை, மஞ்சள் எல்லாம் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. நம் கெமிக்கல் துறை மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் குரோமட்டோகிராஃபி பிறந்தது இந்த இலைச்சாற்றில்தான்! ஆனால் அவர் காலத்தில் அதை மதித்தவர் சிலரே. 1919-இல் அவர் மறைந்தார். 1931-க்குப் பிறகுதான் உலகம் அந்த முறையைத் தேடி எடுத்தது.

இந்த இடத்தில் நாம் பெருமைப்பட ஒரு தமிழர் இருக்கிறார். 1900-இல் குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தவர். ஆந்தோசயனின் முதலிய தாவரப் பொருட்களின் ஆராய்ச்சிக்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றவர் அந்த ராபின்சன். சேஷாத்ரி நாடு திரும்பி ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பிறகு டில்லிப் பல்கலைக்கழகத்திலும் இந்தியப் பூக்கள், பட்டைகள், இலைகளின் நிறப்பொருட்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1975-இல் மறைந்தார். காவிரிக்கரையில் பிறந்த ஒருவர் பூவின் நிறத்துக்கு வாழ்நாளைக் கொடுத்தார் என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டியது.

இலை நிறம் மாறுவதை ஒரு எஞ்சினியர் பாஷையில் சொன்னால், அது ஆலையை மூடும் வேலை. பகல் குறையக் குறைய மரம் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இருப்பதை உடைத்து, இலையில் போட்ட நைட்ரஜனில் சுமார் பாதியைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. மிஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷெட்டை விடுவது போல. காம்படியில் ஒரு தக்கை அடுக்கு உண்டாகி, இலை தானே கழன்று விழுகிறது. பச்சை போனதும், முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. உதிரப் போகும் நேரத்தில் மரம் புதிதாகச் செலவழித்துத் தயாரிப்பது.

உடைந்த பச்சையம் கடைசியில் என்னவாக மாறுகிறது என்பதே 1991 வரை புரியாமல் இருந்தது. அந்த ஆண்டில்தான் கிராய்ட்லர், மாட்டில் முதலியோர் வாற்கோதுமை இலையில் அதன் மிச்சத்தைக் கண்டு அமைப்பைச் சொன்னார்கள். அது நிறமற்ற பொருள். உலகமெங்கும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் பச்சை கண்முன்னே காணாமல் போகிறது, அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பதை நாம் கவனிக்கும் லட்சணம் இது!

சரி, விழப் போகும் இலைக்கு மரம் ஏன் சிவப்புச் சாயம் செலவழிக்க வேண்டும்? பச்சையத்தைப் பிரித்தெடுக்கும் வேளையில் வெயில் தாக்காமல் காக்கும் திரை என்பது ஒரு விளக்கம். நான் வலுவாக இருக்கிறேன், இங்கே முட்டையிடாதே என்று அசுவினிப் பூச்சிகளுக்கு மரம் கொடுக்கும் எச்சரிக்கை என்பது ஹாமில்டன், பிரவுன் இருவரும் சொன்ன விளக்கம். அந்தக் கட்டுரை 2001-இல் வெளிவந்தபோது ஹாமில்டன் உயிரோடு இல்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு எழுதப் போவது இன்றைய மாணவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஒரே மரத்தை நட்டால்

இனி தெருவுக்கு வருவோம். தோரோ காலத்தில் நியூ இங்கிலாந்துத் தெருக்களின் ராஜா எல்ம் மரம். இரண்டு பக்கமும் வளர்ந்து மேலே கோபுர வளைவு போலக் கூடும். ஐப்பசியில் தெருவே மஞ்சள் பந்தல். 1930-இல் ஐரோப்பாவிலிருந்து மேஜை நாற்காலிப் பலகைக்காக வந்த கட்டைகளோடு பட்டை வண்டும், அதோடு ஒரு பூஞ்சையும் வந்து சேர்ந்தன. ஒரே வரிசையில் ஒரே இனம் நின்றதால் வேர் வழியாகவும் நோய் மரம் விட்டு மரம் தாவியது. சில பத்தாண்டுகளில் தெருக்கள் மொட்டையாயின. காட்டிலோ, 1904-இல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் முதலில் காணப்பட்ட வேறொரு பூஞ்சை, செஸ்ட்நட் மரங்களை அரை நூற்றாண்டுக்குள் அழித்தது. எண்ணிக்கை 300, 400 கோடி என்கிறார்கள்.

எல்ம் போன இடத்தில் என்ன நட்டார்கள்? வேகமாக வளரும், புகையைத் தாங்கும் என்று ஐரோப்பிய இனமான நார்வே மேப்பிளை வரிசை வரிசையாக நட்டார்கள். மீண்டும் ஒரே மரம்! அது வேலி தாண்டிக் காட்டில் பரவி உள்ளூர் மரக்கன்றுகளை நெருக்கியது. தோட்டங்களில் ரத்தச் சிவப்புக்காக எல்லாரும் வைத்த 'பர்னிங் புஷ்' என்ற கிழக்காசியச் செடியும் அப்படியே. 2009 முதல் இரண்டையுமே மாசசூசெட்ஸில் விற்கக் கூடாது. வேறு ஊர்களில் ஆஷ் மரத்தை நட்டார்கள். 2002-இல் ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் ஆஷ் மரங்கள் சாகத் தொடங்கிவிட்டன.

எங்கள் பக்கத்து நகரமான வூஸ்டரில் 2008-இல் நடந்தது இன்னும் கொடுமை. நீளக் கொம்பு வண்டு என்ற ஆசியப் பூச்சி மேப்பிளைத் துளைத்து உள்ளே குடியிருந்தது. தடுக்க வேறு வழியில்லாமல் 30,000-க்கும் மேற்பட்ட மரங்களை அரசே வெட்டிப் பொடியாக்கியது. சில தெருக்களில் ஒரு மரம் மிச்சமில்லை. அந்த வண்டு அமெரிக்காவுக்கு வந்தது சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களில். கோவையிலிருந்து பம்ப்செட் ஏற்றுமதி செய்யும் நம் பழைய மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பேலட் கட்டையில் 'ஹெச்.டி.' என்று முத்திரை குத்தாமல் சரக்கு கப்பலேறாதே! கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்ததற்கு அடையாளம் அது. கணபதியில் குத்துகிற முத்திரை ஒன்று வூஸ்டர் தெருவின் மேப்பிளைக் காக்கிறது. உலகம் அவ்வளவு சிறியது.

நமக்கு என்ன சேதி?

என் வாசலில் நிற்பது செம்மேப்பிள். தரிசு நிலம் காடானபோது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பரவிய இனம். எல்மும் செஸ்ட்நட்டும் இருந்திருந்தால் இந்தத் தெருவில் மஞ்சள்தான் கூடுதலாக இருந்திருக்கும். ஆகவே இந்தச் சிவப்பு எனக்கு வெறும் அழகல்ல, கணக்குப் புத்தகம்.

நம் ஊரிலும் இலை சிவக்காமல் இல்லை. நாட்டு வாதாம் மரத்தை மாசியில் பாருங்கள். உதிரும் முன்னால் ஒவ்வொரு இலையும் செந்தூரமாகிறது. மாவின் கொழுந்து செம்பு நிறத்தில் வருகிறதே, அதுவும் ஆந்தோசயனின்தான். ஹாஸ்டலில் நாலு வருடம் இருந்தவர்கள் இதையெல்லாம் தாண்டித்தான் மெஸ்ஸுக்குப் போனோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சீக்கிரம் நிழலும் பூவும் தரும் என்று நட்ட வெளிநாட்டு மரங்கள் அவற்றில் ஏராளம். எல்ம் கதைக்கும் இதற்கும் பாடம் ஒன்றே. மரம் நடுவது என்பது ஐம்பது ஆண்டுகளுக்கான டிசைன். ஒரே பாகத்தை எல்லா இடத்திலும் பொருத்தினால், அது பழுதாகும் நாளில் எல்லாமே பழுதாகும்.

எனவே சங்கத்துக்கு என் தாழ்மையான வேண்டுகோள். இந்தச் சந்திப்பில் மரக்கன்று நடுவதானால் ஒரே இனத்தில் ஐம்பது வேண்டாம். புங்கன், வேம்பு, பூவரசு, இலுப்பை, மருது, நாவல் என்று கலந்து நடுவோம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நூலகத்தில் வைப்போம். எந்த மரம் எந்த ஆண்டு நட்டது, எந்தத் தேதியில் தளிர்த்தது, பூத்தது, உதிர்ந்தது என்று வருடா வருடம் மாணவர்கள் எழுதட்டும். தோரோ பொழுதுபோக்காகக் குறித்த பூக்கும் தேதிகளை 2000-களில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்றைய தேதிகளோடு ஒப்பிட்டார்கள். அதே செடிகள் சராசரியாக 7 நாள் முந்திப் பூக்கின்றன என்று தெரிய வந்தது. பூமி சூடாவதற்கு ஒரு பென்சில்காரரின் நோட்டு சாட்சி சொன்னது. அந்த நோட்டு இல்லாவிட்டால் அந்த 7 நாளை யாரும் கண்டிருக்க முடியாது.

கன்றுகளைப் பார்த்துப் பந்தல் குச்சி என்று சிரிக்க எந்த ஊரிலும் ஆள் இருக்கும். நட்டவர்கள் கவலைப்படவில்லை. நாமும் கவலைப்பட வேண்டாம். முதல் நோட்டுப் புத்தகத்தின் செலவு என்னுடையது. எழுதும் கை இன்றைய மாணவர்களுடையதாக இருக்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மரங்கள்!